மருத்துவமனை அலுவலக வேலை: எஸ்பிஎம் முடித்த தோட்டப்புறப் பிள்ளைக்கு வழி எது?

பேராக் ரப்பர் தோட்டங்களில் ஒரு காலத்தில் பேனா பிடிக்கும் வேலை இரண்டே இடங்களில்தான் இருந்தது. ஆபீசில் கிராணி, தோட்ட ஆஸ்பத்திரியில் டிரெசர். அந்த நாற்காலிகளில் பெரும்பாலும் யாழ்ப்பாணத் தமிழரும் மலையாளிகளும் அமர்ந்திருந்தார்கள். ஆங்கிலப் பள்ளிக்கூடம் அவர்களுக்குக் கிடைத்தது, பால்மரம் வெட்டியவரின் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, குடும்பங்கள் சுங்கை சிப்புட்டுக்கும் புந்தோங்குக்கும் பத்து காஜாவுக்கும் குடிபெயர்ந்தன. இன்று அந்த வீடுகளில் எஸ்பிஎம் முடித்த பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். ஆனாலும் ஆஸ்பத்திரி வேலை என்று சொன்னால் டாக்டர், மிஸ்ஸி, அட்டெண்டன் என்ற மூன்றோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையில் 900-க்கும் மேற்பட்ட படுக்கைகள் உள்ளன. நோயாளியைப் பதிவு செய்ய, கோப்பு எடுக்க, கட்டணம் வசூலிக்க, மருந்துக்கும் சாமானுக்கும் ஆர்டர் போட, ஊழியர் விடுமுறையைக் கணக்கு வைக்க அங்கே ஆள் வேண்டும். தைப்பிங், தெலுக் இந்தான், ஸ்ரீ மஞ்சோங், சிலிம் ரிவர், சுங்கை சிப்புட் அரசாங்க மருத்துவமனைகளுக்கும், தஞ்சோங் ரம்புத்தானில் 1911-ல் தொடங்கிய இன்றைய பஹாகியா மனநல மருத்துவமனைக்கும் இதே தேவை உண்டு. தனியார் துறையில் ஈப்போவிலேயே கேபிஜே, பந்தாய், ஃபாத்திமா, பேராக் சமூக சிறப்பு மருத்துவமனை என்று பல இருக்கின்றன.

அரசாங்க வேலைக்கு மருத்துவமனை வாசலில் போய்க் கேட்டுப் பயனில்லை. பெம்பாந்து தாட்பிர் எனப்படும் நிர்வாக உதவியாளர் பதவிக்கு ஆள் எடுப்பது பொதுச் சேவை ஆணையமான எஸ்பிஏ. அதன் எஸ்பிஏ9 இணையத்தளத்தில் பதிய வேண்டும், பதிவுக்குக் கட்டணம் கிடையாது. பல பிள்ளைகள் சறுக்குவது அதற்குப் பிறகுதான். ஒருமுறை பதிந்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். பதிவு ஓராண்டுக்குத்தான் செல்லும், புதுப்பிக்காவிட்டால் பெயர் பட்டியலில் இருக்காது. முன்பு என்19 என்று வழங்கிய இந்தப் பதவி, 2024 டிசம்பரில் நடப்புக்கு வந்த புதிய சம்பள முறையில் என்1 ஆகியிருக்கிறது. பழைய விளம்பரத்தையும் புதியதையும் பார்த்து இரண்டும் வேறு வேலை என்று குழம்ப வேண்டாம். இது பொதுப் பதவி என்பதால், வேலை கிடைத்தாலும் உங்களை மருத்துவமனைக்கு அனுப்புவதா வேறு இலாகாவுக்கு அனுப்புவதா என்பதை அரசாங்கமே முடிவு செய்யும்.

இதற்கான அடிப்படைத் தகுதி எஸ்பிஎம்மும், அதில் மலாய்மொழியில் கிரெடிட்டும். கிரெடிட் என்றால் குறைந்தது சி. டி-யும் ஈ-யும் பாஸ் கணக்கில் வரும், கிரெடிட் கணக்கில் வராது. மற்றப் பாடங்களில் நன்றாகச் செய்துவிட்டு இந்த ஒரு படியில் நின்றுபோகும் பிள்ளைகளை நினைத்தால் மனம் ஆறவில்லை. மலாய்மொழித் தாளை எஸ்பிஎம் உலாங்கானில் மறுபடி எழுத முடியும் என்பதுகூடப் பல வீடுகளில் தெரிவதில்லை.

நிரந்தர வேலைக்குக் காத்திருக்கும் காலத்தில் மைஸ்டெப் போன்ற குறுகிய கால ஒப்பந்த வேலை வந்தால் தள்ளிவிடாதீர்கள். 2021-ல் தொடங்கிய இத்திட்டத்தில் அரசாங்க அலுவலகங்களில் சேர்ந்தவர்களுக்கு நேர்முகத் தேர்வில் சொல்வதற்கு ஓர் அனுபவமாவது கிடைக்கிறது.

தனியார் மருத்துவமனைகள் தங்கள் சொந்த இணையப் பக்கத்திலும் ஜாப்ஸ்திரீட்டிலும் விளம்பரம் செய்கின்றன. பெர்கேசோ நடத்தும் மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளத்திலும் தேடலாம். நேரில் வரச் சொல்லும் திறந்த நேர்முகத் தேர்வுகளும் அவ்வப்போது நடக்கும்.

அங்கே என்ன வேலை என்று தெரியாமல் போய் உட்கார்வதுதான் பெரிய குறை என்பது என் கருத்து. ஓர் உதாரணத்தை விரிவாகவே சொல்கிறேன். காப்புறுதி எடுத்த ஒருவர் வார்டில் சேர்கிறார். முகப்பில் இருக்கும் ஊழியர் அவருடைய அடையாள அட்டையையும் காப்புறுதி அட்டையையும் வாங்கி, டாக்டர் நிரப்பிய பாரத்தோடு காப்புறுதி நிறுவனத்துக்கு அனுப்புகிறார். செலவை ஏற்கிறோம் என்று அங்கிருந்து வரும் உத்தரவாதக் கடிதத்தைத்தான் எல்லாரும் ஜிஎல் என்கிறார்கள். ஜிஎல் வராவிட்டால் வைப்புத்தொகை கட்ட வேண்டும். வீடு திரும்பும் நாளில் முழுப் பில்லும் மறுபடி காப்புறுதி நிறுவனத்துக்குப் போகிறது, இறுதி ஒப்புதல் வரச் சில மணி நேரம் ஆகிறது. டாக்டர் காலையிலேயே போகலாம் என்று சொல்லிவிட்டார், நோயாளி மதியம் தாண்டியும் நாற்காலியில் காத்திருக்கிறார், கோபம் முழுவதும் முகப்பில் இருக்கும் இருபது வயதுப் பெண்ணின் மேல் விழுகிறது. பில்லிலும் இரண்டு பகுதிகள் உண்டு. டாக்டரின் கட்டணத்துக்கு 1998-ஆம் ஆண்டுத் தனியார் சுகாதாரச் சட்டத்தின் கீழ் வந்த 2006 விதிமுறைகள் உச்சவரம்பு வைத்திருக்கின்றன. அறை, மருந்து, சாமான் செலவு மருத்துவமனையின் கணக்கில் தனியாக வரும். இதைப் பொறுமையாக விளக்கத் தெரிந்தவரைத்தான் தேடுகிறார்கள்.

ஆகவே, “காத்திருக்கும் நோயாளி சத்தம் போட்டால் என்ன செய்வீர்கள்?” என்ற கேள்விக்குத் தயாராகப் போங்கள். அமைதியாக இருப்பேன் என்று மட்டும் சொன்னால் போதாது. முதலில் அவர் சொல்வதை முழுக்கக் கேட்பேன், காப்புறுதி நிறுவனத்தை மறுபடி அழைத்து நிலவரம் கேட்பேன், எவ்வளவு நேரம் ஆகும் என்று அவரிடம் உள்ளதைச் சொல்வேன், முடியாவிட்டால் மேற்பார்வையாளரை அழைப்பேன் என்று வரிசையாகச் சொல்லுங்கள். நோயாளியின் விவரத்தைத் தெரிந்தவர் கேட்டால் கொடுப்பீர்களா என்றும் கேட்கலாம். கொடுக்க மாட்டேன் என்பதே சரியான பதில், கேட்பவர் உங்கள் மாமாவாகவே இருந்தாலும். அரசாங்க நேர்முகத் தேர்வு மலாய்மொழியில் நடக்கும். சுகாதார அமைச்சின் அமைப்பு, அமைச்சரின் பெயர், ருக்குன் நெகாரா, நாட்டு நடப்பு இவற்றைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. தனியாரில் ஆங்கிலமும் கணினியில் எக்செல்லும் கைகொடுக்கும்.

நம் பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்லாத ஒரு பலம் உண்டு. தோட்டத்தில் வாழ்ந்து முதிர்ந்த பாட்டி, மலாய்மொழியில் தன் வலியைச் சொல்ல முடியாமல் முகப்பில் திணறுவதை எந்த மருத்துவமனையிலும் பார்க்கலாம். அவரிடம் தமிழில் பேசி, மலாய்மொழியில் பதிவு செய்பவர் அந்த மேசைக்கு மிகவும் வேண்டியவர். நம் பெயர்களில் இன்னொரு சிக்கல். ஒரே சுப்பிரமணியம் பல விதமான எழுத்துக்கூட்டில் பதிவாகியிருப்பார். தகப்பன் பெயரையும் அடையாள அட்டையின் 12 இலக்கங்களையும் ஒப்பிட்டுச் சரியான கோப்பை எடுக்க, அந்தப் பெயர்களோடு வளர்ந்தவருக்குக் கண் பழகியிருக்கும். நேர்முகத் தேர்வில் இதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

சம்பளம் பற்றிக் கேட்க வெட்கப்பட வேண்டாம். 2025 பிப்ரவரி முதல் ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி, ஆகஸ்ட் முதல் எல்லா முதலாளிகளுக்கும் அதே விதி. இபிஎப்பில் உங்கள் பங்கு 11 விழுக்காடு. ஷிப்ட் எத்தனை மணிக்கு முடியும், வார இறுதியில் வேலை உண்டா, தகுதிகாண் காலம் எவ்வளவு என்பதையும் கேளுங்கள். இரவு பத்து மணிக்கு ஈப்போவில் வேலை முடிந்து சுங்கை சிப்புட்டுக்குத் திரும்ப வேண்டிய பெண்ணுக்குப் பேருந்தை நம்பி வேலையை ஒப்புக்கொள்ள முடியாது. இதை வீட்டில் முதலிலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள்.

வேலை வாங்கித் தருகிறேன் என்று வாட்சாப்பில் பணம் கேட்பவர் யாராயிருந்தாலும் ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

வீட்டில் நான்காம், ஐந்தாம் படிவத்தில் பிள்ளை இருந்தால், டியூசனுக்குச் செலவழிக்கும் பணத்தில் முதல் பங்கை மலாய்மொழிப் பாடத்துக்கு வையுங்கள். எஸ்பிஎம் முடித்து வீட்டில் இருக்கும் பிள்ளையை இந்த வாரமே எஸ்பிஏ9-ல் பதியச் சொல்லுங்கள், ஏற்கெனவே பதிந்திருந்தால் அது எந்தத் தேதியில் காலாவதியாகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.