ஆத்துல போட்டாலும் அளந்து போடு: கடன் கேட்கிற நண்பனுக்கு என்ன பதில் சொல்றது?



சம்பளம் கிரெடிட் ஆன ரெண்டாவது நாள். சிதம்பரத்துல கூடப் படிச்ச நண்பன் போன் பண்றான். "மச்சி, அவசரமா ஒரு இருபதாயிரம் வேணும். அடுத்த மாசம் தந்துடறேன்." நானும் யோசிக்காம அனுப்பிட்டேன். பணம் வரலை. கொஞ்ச நாள்ல அவன் போன் பண்றதையும் நிறுத்திட்டான். எனக்கு அதுதான் பெரிய நஷ்டம்.

அப்புறம்தான் எங்க ஆயா அடிக்கடி சொல்ற பழமொழி ஞாபகம் வந்தது: ஆத்துல போட்டாலும் அளந்து போடு.

பீட்டர் பெர்சிவல் 1874-ல் வெளியிட்ட தொகுப்பில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகள் உள்ளன. ஆனா நமக்கெல்லாம் பழமொழி புத்தகத்துல இருந்து வரலை. வீட்ல அரிசி அளக்கும்போதும் மளிகைக் கணக்கு பார்க்கும்போதும் பெரியவங்க வாயால கேட்டதுதான்.

சின்ன வயசுல இதை 'கஞ்சமா இரு'ன்னுதான் புரிஞ்சுக்கிட்டேன். கவனிச்சுப் பாருங்க, 'போடாதே'ன்னு அது சொல்லவே இல்லை. கடலூர்ல கெடிலம், சிதம்பரத்துக்குத் தெற்கே கொள்ளிடம். ஆத்துல போட்டது திரும்பாதுன்னு நம்ம ஊர்க்காரங்களுக்குத் தெரியும். திரும்பாட்டியும் பரவாயில்லைங்கிற அளவுக்கு மட்டும் போடு. அவ்வளவுதான்.

இதை சம்பளத்துக்கு எப்படிப் பொருத்தறது?

1. தனியா ஒரு 'ஆத்துக் கணக்கு'
மாசம் சம்பளத்துல 5% தனி அக்கவுண்ட்ல போடுங்க. சம்பளம் 30,000 ரூபாய்னா 1,500. ஆறு மாசத்துல 9,000. நண்பன் 20,000 கேட்டா, "என்னால 9,000 தான்டா முடியும்"னு தயங்காம சொல்லலாம். திரும்பி வந்தா சந்தோஷம். வரலைன்னாலும் உங்க வாடகை நிக்காது, நட்பும் முறியாது.

2. எமர்ஜென்சி ஃபண்டுல கை வைக்காதீங்க
2004 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 வெள்ளம். கடலூர் மாவட்டம் 11 வருஷத்துல மூணு பேரிடரைப் பார்த்தது. தானே புயல்ல பண்ருட்டி பக்கம் பலா, முந்திரி மரங்கள் சாய்ஞ்சப்போ, பல குடும்பங்களோட வருமானமும் சாய்ஞ்சது. புதுசா நட்ட மரம் காய்க்க வருஷக்கணக்கா ஆகும். நமக்கு வேலை போனாலும் இதே கதைதான். ஆறு மாசச் செலவுக்கான பணம் அந்த இடைவெளிக்கு. அது ஆத்துல போடற பணம் இல்லை.

3. ஜாமீன் கையெழுத்து: அளவே இல்லாத ஆறு
1872-ம் வருஷ இந்திய ஒப்பந்தச் சட்டம், 128-வது பிரிவுப்படி, ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதாத வரைக்கும், கடன் வாங்கினவருக்கு இருக்கிற அதே பொறுப்பு ஜாமீன் போட்டவருக்கும் உண்டு. அவர் கட்டலைன்னா உங்க சிபில் ஸ்கோரும் அடிபடலாம். இங்க நீங்க அளக்கவே முடியாது. அதனால மரியாதையா 'முடியாது'ன்னு சொல்லிடுங்க.

அன்னைக்கு 20,000-க்குப் பதிலா என்னால முடிஞ்சதை மட்டும் குடுத்திருந்தா, அவன் இன்னும் பேசிட்டு இருப்பான்னு தோணுது.

உங்க வீட்ல பணத்தைப் பத்திச் சொல்ற பழமொழி என்ன? கமெண்ட்ல எழுதுங்க, அடுத்த வீடியோவுல பேசுவோம்.