ஆய்வுக்கூடத்தின் தப்புக் கணக்கு

கொரோனா காலத்தில் நாம் எல்லாரும் நாள்தோறும் எதிர்பார்த்துக் காத்திருந்தது ஒரே ஒரு செய்தியைத்தான். இன்று எத்தனை பேருக்கு? எந்த மாவட்டத்தில் எத்தனை? எண் ஏறினால் நெஞ்சு படபடத்தது. இறங்கினால் நிம்மதியாக மூச்சு விட்டோம். ஆனால் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று நம்மில் எத்தனை பேர் யோசித்துப் பார்த்தோம்?

மூக்கில் குச்சியை விட்டு எடுக்கும் சளி ஆய்வுக்கூடத்துக்குப் போகிறது. அங்கே சோதித்து 'உண்டு' அல்லது 'இல்லை' என்று எழுதுகிறார்கள். ஓர் ஊரில் 'உண்டு' என்று வந்தவற்றையெல்லாம் கூட்டினால் அதுதான் அந்த ஊரின் எண். ஆகவே, ஆய்வுக்கூடம் தவறினால் ஊர்க் கணக்கே தவறிப்போகும். அப்படித் தவறிய ஒரு கணக்கு மனித உயிர்களையும் பலி வாங்கியது. அது நடந்தது 2021-ஆம் ஆண்டில், இங்கிலாந்தில்.

வீட்டில் இரண்டு கோடு, கைப்பேசியில் 'இல்லை'!

2021 செப்டம்பரில் கோடை விடுமுறை முடிந்து இங்கிலாந்துப் பள்ளிகள் திறந்தன. வீட்டிலேயே சோதித்துப் பார்க்கும் பெட்டிகளை அரசாங்கம் இலவசமாகக் கொடுத்து வந்த காலம் அது. அதில் இரண்டு கோடு விழுந்தால், பி.சி.ஆர். என்னும் ஆய்வுக்கூடச் சோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். பி.சி.ஆர். 'இல்லை' என்று சொல்லிவிட்டால் வீட்டுக்குள் அடைந்து கிடக்க வேண்டியதில்லை.

நாட்டின் தென்மேற்குப் பகுதியில், பிரிஸ்டல், பாத், சுவிண்டன், ஸ்ட்ரௌட் போன்ற ஊர்களில் அப்போது ஒரு புதிரான காரியம் நடந்தது. காய்ச்சலும் இருமலுமாகக் கிடந்தவர்கள் வீட்டில் சோதித்தால் இரண்டு கோடு. மறுநாள் சோதித்தாலும் இரண்டு கோடு. ஆனால் ஆய்வுக்கூடமோ 'இல்லை' என்றது!

யாரை நம்புவது? அரை மணி நேரத்துக்குள் வீட்டிலேயே சொட்டு விட்டுப் பார்க்கும் பெட்டியையா, பெரிய பெரிய இயந்திரங்கள் வைத்திருக்கும் ஆய்வுக்கூடத்தையா? பலரும் ஆய்வுக்கூடத்தையே நம்பினார்கள். 'பெட்டிதான் கோளாறு' என்று எண்ணி வேலைக்குப் போனார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். வயதான தாய் தகப்பனைப் பார்க்கப் போனார்கள்.

இங்கே ஓர் உண்மையை நாம் மனத்தில் வைக்க வேண்டும். வீட்டுச் சோதனைப் பெட்டி, இருக்கும் நோயைக் காட்டாமல் விடுவது உண்டு. ஆனால் இல்லாத நோயை இருப்பதாகக் காட்டுவது மிக அரிது. காய்ச்சலோடு இருப்பவருக்கு இரண்டு கோடு விழுந்தால் அதை அலட்சியம் செய்யக்கூடாது.

எங்கே பிசகியது?

அந்த மாதிரிகள், வுல்வர்ஹாம்ப்டன் நகரில் இமென்சா என்னும் தனியார் நிறுவனம் நடத்திய ஆய்வுக்கூடத்துக்குப் போனவை. பி.சி.ஆர். சோதனையில், சளியில் கிருமியின் மரபுப்பொருள் இருந்தால் இயந்திரம் அதை ஒன்றை இரண்டாக, இரண்டை நான்காகப் பெருக்கிக்கொண்டே போகும். பத்துச் சுற்றில் ஒன்று ஆயிரம் மடங்குக்கு மேல் ஆகிவிடும். பெருகியது ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் 'உண்டு', தாண்டாவிட்டால் 'இல்லை'. அந்த அளவுக்கோட்டை எங்கே போடுவது என்பது ஆய்வுக்கூடத்தாரின் பொறுப்பு. அந்தக் கோட்டை ஊழியர்கள் தவறாகப் போட்டுவிட்டார்கள் என்று பின்னர் நடந்த அரசாங்க விசாரணை கூறியது.

நமக்குத் தெரிந்த கணக்கில் பார்ப்போம். பால் நிறுக்கும் இடத்தில் மெட்ரோலாக் கருவியைப் பாலில் மிதக்கவிட்டு, ரப்பர் எத்தனை விழுக்காடு என்று பார்ப்பார்கள். அந்தக் கருவியின் கோடு பிசகியிருந்தால் என்ன ஆகும்? மரமும் நன்றாகத்தான் இருக்கிறது, வெட்டியவர் கையும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்று பால் கொண்டுவந்த அத்தனை பேர் கணக்கும் குறையும். இங்கிலாந்தில் நடந்ததும் இதுதான். ஆளுக்கு ஆள் நேர்ந்த பிழையாக இருந்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போயிருக்கும். கோடே பிசகியதால் ஒரு வட்டாரமே பிசகியது.

மறைந்த நோயாளிகள்

2021 அக்டோபர் 12-இல் அந்தக் கூடத்தின் சோதனைகள் நிறுத்தப்பட்டன. 15-ஆம் தேதி பிரிட்டிஷ் சுகாதாரப் பாதுகாப்பு நிறுவனம் விஷயத்தை வெளியிட்டது. சுமார் 43,000 பேருக்குத் தவறாக 'இல்லை' என்று சொல்லப்பட்டிருக்கலாம் என்றது. 2022 நவம்பரில் வெளிவந்த விசாரணை அறிக்கை, செப்டம்பர் 2 முதல் அக்டோபர் 12 வரை சுமார் 39,000 தவறான முடிவுகள் என்று கணக்கிட்டது.

இதன் விளைவு என்ன? 'இல்லை' என்ற சொல்லை நம்பி நடமாடியவர்களால் சுமார் 55,000 பேருக்குக் கூடுதலாகத் தொற்று ஏற்பட்டிருக்கலாம். சுமார் 680 பேர் கூடுதலாக மருத்துவமனையில் சேர்ந்திருக்கலாம். இருபதுக்குச் சற்று அதிகமானோர் உயிரிழந்திருக்கலாம் என்று அதே நிறுவனம் மதிப்பிட்டது.

ஊர்க் கணக்கோ அதுவரை அமைதியாகக் காட்சி தந்தது. நோய் இருந்தது, எண்ணில் மட்டும் இல்லை. மாதிரிகள் வேறு ஆய்வுக்கூடங்களுக்குப் போகத் தொடங்கியதும் எண் மளமளவென்று ஏறியது. நோய் ஒரே நாளில் பெருகிவிடவில்லை. மறைந்திருந்தது கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவே. ஆனால் அதற்குள் ஒரு மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது.

நல்ல செய்தியை யார் சந்தேகிப்பார்?

இதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. 2020-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில், முதியோர் இல்லங்களின் மாதிரிகளைச் சோதித்து வந்த ஓர் ஆய்வுக்கூடம் குறைந்தது 383 பேருக்கு இல்லாத நோயை 'உண்டு' என்று எழுதிவிட்டது. அங்கே எண் வழக்கத்தைவிட மிகுதியாக இருந்ததே அதிகாரிகளுக்கு ஐயத்தைக் கிளப்பியது. வேறோர் இடத்தில் மறுசோதனை செய்தார்கள், குட்டு உடைந்தது.

எண் கூடினால் கேள்வி கேட்கிறோம். எண் குறைந்தால் மகிழ்ந்து போய்ச் சும்மா இருந்துவிடுகிறோம். இங்கிலாந்தில் தவறு நீண்ட நாள் நீடித்ததற்கு இந்த மனித சுபாவமும் ஒரு காரணமாக இருக்கலாம் அல்லவா?

அங்கே மௌனத்தைக் கலைத்தவர்களில் சாதாரண மக்களும் உண்டு. 'என் வீட்டில் இரண்டு கோடு, உங்கள் தாளில் இல்லை என்கிறீர்களே' என்று கேட்டவர்கள் அவர்கள். ஒருவர் கேட்டபோது அது சந்தேகம். ஊரெல்லாம் கேட்டபோது அதுவே சாட்சி ஆயிற்று.

நாம் செய்ய வேண்டியது

இதைப் படித்துவிட்டு 'சோதனையே வேண்டாம், எல்லாம் பொய்' என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. கோடிக்கணக்கான சோதனைகள் சரியாக நடந்ததால்தான் தவறியது எது என்று கண்டுபிடிக்கவே முடிந்தது. கருவி பழுதென்றால் அதைச் சரி செய்வதுதான் முறை. நிறுப்பதையே விட்டுவிடுவது அல்ல.

ஆனால் தாளில் எழுதியதும் உடம்பு சொல்வதும் ஒத்துப் போகாவிட்டால் உடம்பையும் கேளுங்கள். கொரோனாவானாலும் டெங்கியானாலும் இதுவே வழி. காய்ச்சல் தணியவில்லை, மூச்சு வாங்குகிறது என்றால், 'சோதனையில் ஒன்றுமில்லையே' என்று வீட்டில் கிடக்காமல் மீண்டும் கிளினிக்குக்குப் போங்கள். டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: "ஐயா, இன்னொரு முறை சோதித்துப் பார்க்கலாமா?" என்று. அதுவரை கைக்குழந்தையிடமும் வயதானவர்களிடமும் நெருங்காமல், முகக்கவசம் அணிந்து இருங்கள்.

படித்தவர்களிடம் போய் நாம் எப்படிக் கேள்வி கேட்பது என்று தயங்க வேண்டாம். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. இன்னும் கொஞ்சம் முன்னதாக யாராவது காது கொடுத்திருந்தால், அந்த இருபது குடும்பங்களில் சிலவாவது இன்று குறையின்றி இருந்திருக்கும்.