விரல் ரேகையும் துப்பாக்கி உரிமமும்

எழுதப் படிக்கத் தெரியாதவரைக் ‘கைநாட்டு’ என்று ஏளனமாகக் குறிப்பிடுவது நம்மவரிடையே நெடுநாளைய வழக்கமாகும். சம்பள நாளன்று கிராணியார் காட்டிய இடத்தில், பெருவிரலை மையில் தோய்த்துப் பதித்துவிட்டுப் பணம் பெற்றுச் சென்றவர்கள் நம் பாட்டன் பாட்டியர். இன்றோ படித்தவர், படியாதவர் என்ற வேறுபாடின்றி இந்நாட்டு மக்கள் அனைவரும் கைநாட்டு வைக்கின்றனர். 2001ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில் அறிமுகமான மைகார்டின் சில்லினுள், அதனை உடையவரின் இரு பெருவிரல் ரேகைகளின் குறிப்புகளும் அடங்கியுள்ளன.

அரசாங்கம் நம் விரல் ரேகையை ஏன் கேட்கிறது? அதனை ஏன் பதிந்து வைக்கிறது? துப்பாக்கி உரிமம் போன்ற பெரும் பொறுப்புக்குரிய அனுமதிகளில் இதற்கு என்ன பங்கு? இவற்றைத் தோட்டத் தொழிலாளர்கள் அறிந்திருத்தல் நன்று.

ரேகையின் இயல்பு

நம் விரல் நுனியிலுள்ள வரிகள் தாயின் வயிற்றிலிருக்கும் போதே அமைந்துவிடுகின்றன. வளர வளர அவை பெரிதாகுமேயன்றி, அமைப்பு மாறுவதில்லை. ஒரே உருவம் கொண்ட இரட்டைப் பிள்ளைகளுக்கும் ரேகை வெவ்வேறாகவே இருக்கும். கண்ணி, சுழி, வில் என ரேகைகளை மூன்று பெரும் வகைகளாகப் பிரிப்பர். கண்ணி வடிவமே மிகுதி. வில் வடிவம் மிகக் குறைவு.

ரேகையைக் கொண்டு ஆளைத் தேடும் எண்ணம் தமிழருக்குப் புதிதன்று. வைத்தீசுவரன் கோயிலில் நாடி சோதிடம் பார்ப்போர், ஆணுக்கு வலப் பெருவிரலும் பெண்ணுக்கு இடப் பெருவிரலும் பதியச் செய்து, அதற்கேற்ற ஓலைக்கட்டைத் தேடுவர். சோதிடத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆயினும், ரேகையை வகைப்படுத்தித் தேடும் முறை அதில் இருப்பதைக் காணலாம்.

அரசாங்க அலுவல்களில் இம்முறை இந்தியாவில்தான் வேரூன்றியது. 1858ஆம் ஆண்டு வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் அதிகாரி, சாலைப் பணிக்குப் பொருள் வழங்க ஒப்புக்கொண்ட ஒருவரிடம் ஒப்பந்தத்தாளில் கைப்பதிவு பெற்றார். 1897இல் கல்கத்தாவில் விரல் ரேகை அலுவலகம் தொடங்கப்பட்டது. அங்குப் பணியாற்றிய அசிசுல் ஹக், ஹேம சந்திர போஸ் ஆகிய இருவரின் உழைப்பால் ரேகைகளை எண்முறையில் அடுக்கும் வழி உருவாயிற்று. அவர்களின் மேலதிகாரி எட்வர்டு ஹென்றியின் பெயரைத் தாங்கிய அம்முறையை 1901இல் இலண்டன் காவல்துறையும் ஏற்றுக்கொண்டது.

அடையாளக் கார்டு பிறந்த காலம்

1948ஆம் ஆண்டு ஜூன் திங்களில் மலாயாவில் அவசர காலம் பிரகடனம் செய்யப்பட்டது. அதனைத் தொடர்ந்து 12 வயதும் அதற்கு மேலும் உடைய அனைவரும் பதிவு செய்யப்பட்டனர். புகைப்படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட காகித அட்டைகள் வழங்கப்பட்டன. காட்டிலிருந்து வந்த கம்யூனிஸ்டுகள் தோட்ட மக்களின் அட்டைகளைப் பறித்து அழித்த நிகழ்ச்சிகளும் உண்டு. அட்டையில்லாதவர் சந்தேகத்துக்கு ஆளாக, அட்டையுள்ளவர் மிரட்டலுக்கு ஆளாக, இடையில் சிக்கித் தவித்தவர்கள் நம் முன்னோர்.

அக்காலத்தில் அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாயிருந்தது. அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக விளங்கிய எஸ். ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்த குற்றச்சாட்டின் பேரில் 1949ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்தியாவிலும் அது பெருந்துயரை எழுப்பிற்று. ஓர் ஆயுதம் ஒருவர் கையில் இருந்தது என்பது மட்டுமே உயிரைப் போக்கிய காலம் அது.

இன்றைய சட்டம்

அவசர காலம் 1960இல் முடிவுற்றது. அவ்வாண்டின் ஆயுதச் சட்டமே இன்றும் துப்பாக்கி உரிமத்திற்கு அடிப்படை. மாநிலக் காவல்துறைத் தலைவரே உரிமம் வழங்கும் அதிகாரி. பினாங்கு மாநிலத்தின் காவல் தலைமையகம் ஜார்ஜ்டவுன், பினாங்கு சாலையில் உள்ளது.

விண்ணப்பிப்பவர் இன்னார்தாம் என்பதற்கு முதற்சான்று அவரது அடையாளக் கார்டாகும். அக்கார்டின் ஆணிவேர் பெருவிரல் ரேகை. ஒருவர் பெயரை மாற்றிச் சொல்லலாம்; பிறருடைய பத்திரத்தைக் காட்டலாம்; விரலை மாற்றிக்கொள்ள இயலாது. குற்றத் தீர்ப்புப் பெற்றவர்களின் ரேகைகளை 1969ஆம் ஆண்டின் குற்றவாளிகள் பதிவுச் சட்டத்தின் கீழ்க் காவல்துறை தனியே பேணி வருகிறது. ஆகவே, பழைய குற்றத்தைப் புதிய பெயரால் மறைத்தல் அரிது.

உரிமம் ஆளுக்கும் ஆயுதத்திற்கும் சேர்த்தே தரப்படுகிறது. அண்ணன் பெயரிலுள்ள துப்பாக்கியைத் தம்பி எடுத்துச் செல்வது குற்றம். உடையினுள் மறைத்து எடுத்துச் செல்லத்தக்க கைத்துப்பாக்கிக்கு அனுமதி கிடைத்தல் நம் நாட்டில் எளிதன்று.

பிற நாடுகளிலும் பதிவேடே இதற்கு அடிப்படை. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் பெறுவோர் ஒவ்வொருவருக்கும் தேசியப் பதிவில் தனி எண் உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1995இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல உரிமம் கேட்போர் விரல் ரேகை கொடுத்தல் வேண்டும். 2021 செப்டம்பர் முதல் அங்கு உரிமமின்றியே எடுத்துச் செல்லப் பலருக்கும் இடமளிக்கப்பட்டது. நம் நாடோ அவ்வழியை மேற்கொள்ளவில்லை.

தோட்டத்தில் நேரும் மூன்று தவறுகள்

முதலாவது, நாட்டுத் துப்பாக்கி. காட்டுப்பன்றி மரவள்ளியைத் தோண்டுகிறது, குரங்கு பழமரத்தை அழிக்கிறது என்று இரும்புக் குழாயைக் கொண்டு தாமே துப்பாக்கி செய்வோர் உளர். தாமே செய்ததாயினும் அது ஆயுதமே. காற்றுத் துப்பாக்கியும் சட்டப்படி ஆயுதந்தான். உரிமமின்றி வைத்திருந்தால் 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 7 ஆண்டு வரை சிறையும், 10,000 ரிங்கிட் வரை அபராதமும் விதிக்கப்படலாம். 1971ஆம் ஆண்டின் கூடுதல் தண்டனைச் சட்டத்தின் கீழ்க் குற்றஞ்சாட்டப்பட்டால், 14 ஆண்டு வரை சிறையும் 6 பிரம்படிக்குக் குறையாத தண்டனையும் கிடைக்கும். பன்றியால் இழந்தது ஒரு பாத்தி மரவள்ளி. துப்பாக்கியால் இழப்பது ஒரு குடும்பத்தின் வாழ்வு. தொல்லை மிகுந்தால் தோட்ட நிருவாகத்தின் மூலமோ நேரடியாகவோ வனவிலங்குத் துறைக்குத் தெரிவித்தலே முறை.

இரண்டாவது, இறந்தவரின் துப்பாக்கி. உரிமம் பெற்ற தந்தை காலமானதும், “அப்பாவின் நினைவாக இருக்கட்டும்” என்று அதனைப் பரண்மீது வைத்துவிடுவதுண்டு. உரிமம் தந்தையோடு முடிந்தது. அது பிள்ளைக்குச் சொத்தாக இறங்குவதில்லை. தாமதமின்றிக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, அதற்குரிய சீட்டைப் பெற்றுப் பத்திரப்படுத்துக.

மூன்றாவது, கண்டெடுத்த ஆயுதம். வெட்டுக்காட்டிலோ ஓடைக்கரையிலோ துப்பாக்கியோ தோட்டாவோ தென்பட்டால் எடுத்து வருதல் கூடாது. இடத்தை நினைவில் கொண்டு, மண்டோரிடமும் காவல் நிலையத்திலும் உடனே கூறுதல் வேண்டும்.

தேய்ந்த விரல்

பால்வெட்டுத் தொழிலாளருக்கென ஒரு தனிச் சிக்கல் உண்டு. நாள்தோறும் கத்தி பிடித்தும், ஒட்டுப்பாலை உரித்தும், பாலை உறையச் செய்யும் திராவகத்தில் நனைந்தும் விரல் வரிகள் தேய்கின்றன. முகப்பிலிருக்கும் கருவி அவ்விரலைப் படிக்க மறுக்கும்போது, முப்பது ஆண்டு உழைத்தவர் தம்மையே நிரூபிக்க இயலாமல் தலைகுனிந்து நிற்க நேர்கிறது. இதில் வெட்கப்பட ஏதுமில்லை. மேல்தோல் தேய்ந்தால் வரி மங்குமேயன்றி மறைந்துபோவதில்லை. ஓய்வு கிடைத்தால் அதே வரி மீண்டும் வளரும். ஆழமான வெட்டுக்காயமே நிலையான தழும்பை விடும்.

அலுவலகம் செல்லும் முதல் நாளிரவு விரல்களில் சிறிது தேங்காயெண்ணெய் தடவுக. காலையில் சவர்க்காரமிட்டுக் கழுவி, ஒட்டியுள்ள பால் படலத்தை நீக்கி, ஈரம் துடைத்துச் செல்க. அவ்வாறும் கருவி படிக்கவில்லையெனில், தேசியப் பதிவுத் துறை அதிகாரியிடம் தொழிலையும் காயத்தையும் தயங்காது எடுத்துரைக்க வேண்டும்.

பதிவேடு என்பது அரசாங்கத்திடம் மட்டும் இருப்பதன்று. பிறப்புப் பத்திரம், அடையாளக் கார்டு, மணப்பதிவு, ஏதேனும் ஒப்படைத்ததற்கான சீட்டு ஆகிய யாவற்றையும் ஒரே பெட்டியில் வைத்து, அவற்றின் எண்களை வேறொரு நோட்டில் எழுதி வைத்தல் ஒவ்வொரு குடும்பத்தின் கடமையாகும். லயத்து வீட்டில் நெருப்போ வெள்ளமோ நேரின், அந்நோட்டே துணை நிற்கும்.

நம் பாட்டனார் கைநாட்டு வைத்தார். அத்தாளில் என்ன எழுதியிருந்தது என்பது அவருக்குத் தெரியாது. இன்று விரல் பதிக்கும் நாம், எதற்காகப் பதிக்கிறோம் என்பதைக் கேட்டறிந்த பின்னரே பதிப்போமாக.