ரப்பர்க் குழாய்களைக் கொட்டகையில் வைக்கும் சிக்கன முறைகள்

காவேரிப் பாசனத்தின் கடைமடைக் கிராமங்களில், வாய்க்கால் ஜலம் வயலின் மட்டத்திற்கு ஏறாத நாட்களில், குடியானவர்கள் எண்ணெய் என்ஜினைக் கரையில் நிறுத்தி, குழாய்களைப் பொருத்தி, ஜலத்தை இறைத்துப் பயிரைக் காப்பாற்றுவது வழக்கமாயிருக்கிறது. என்ஜினுக்குக் கொட்டகை உண்டு, பூட்டு உண்டு, அதைத் துடைத்து எண்ணெய் இட்டு வைக்க ஆளும் உண்டு. ஆயின் வாய்க்காலுக்கும் என்ஜினுக்கும், என்ஜினுக்கும் வயலுக்கும் இடையே கிடந்து உழைக்கும் குழாய்களைக் கவனிப்பார் சிலரே. அறுவடை முடிந்ததும் அவை அவசரமாய்ச் சுருட்டப்பட்டுச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டப்படுகின்றன. ஆணி இல்லாத இடத்தில் மூலையில் எறியப்படுகின்றன.

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கப்பட்டு ஜனவரி 28-ல் மூடப்படுவதாகும். ஜல இருப்பை அனுசரித்து இத்தேதிகள் சில வருஷங்களில் முன்பின் ஆவதும் உண்டு. வழக்கப்படி நடக்கும் வருஷத்திலும், மூடும் நாளுக்கும் திறக்கும் நாளுக்கும் இடையே 135 நாட்கள் வாய்க்கால் குழாய்களுக்கு வேலையில்லை. அவை பங்குனி, சித்திரை, வைகாசி என்னும் கடுங்கோடை மாதங்கள். ரப்பர்க் குழாயும் பிளாஸ்டிக் குழாயும் உழைப்பினால் தேய்வதைக் காட்டிலும் இந்த ஓய்வு நாட்களில் கெடுவதே அதிகம் என்பதைக் குடியானவர்கள் மனத்திற் கொள்ளுதல் அவசியம்.

ஒரு சிறு வெடிப்பினால் வரும் நஷ்டம்

பம்பு ஜலத்தைக் கயிறு கட்டி இழுப்பதுபோல் இழுப்பதில்லை. சக்ஷன் குழாயிலுள்ள காற்றை அது வெளியேற்ற, வெளியிலுள்ள காற்றின் அழுத்தம் வாய்க்கால் ஜலத்தைக் குழாய்க்குள் ஏற்றுகிறது. கடல் மட்டத்தில் இவ்வழுத்தம் ஏற்றக்கூடிய உயரம் கணக்கின்படி சுமார் 34 அடி. நடைமுறையில் 20 அடிக்குச் சற்று மேல் எதிர்பார்ப்பதற்கில்லை. ஆகையால் சக்ஷன் குழாயில் மயிரிழை போன்ற வெடிப்பு இருந்தாலும் அதன் வழியே காற்று உட்புகுந்து, ஜலம் ஏறுவது குறைகிறது, அல்லது அடியோடு நின்றுவிடுகிறது. டெலிவரி குழாயில் ஓட்டை இருந்தால் ஜலம் பீறிடுவது கண்ணுக்குத் தெரியும். சக்ஷன் குழாயின் ஓட்டையோ வெளியே ஒரு சொட்டும் காட்டாது. என்ஜின் ஓடும், எண்ணெய் செலவாகும், பம்பில் மறுபடி மறுபடி ஜலம் ஊற்ற நேரிடும். பம்பு கெட்டுவிட்டதென்று எண்ணி மெக்கானிக்கை அழைத்து வருவதற்குள் முறைத் தண்ணீர் போய்விடும். நெற்பயிர் கதிர் விடும் தருணமாயின் அந்த ஒரு முறையின் நஷ்டம் அறுவடையில் தெரியும்.

வெடிப்பு எங்கே உண்டாயிற்று என்று ஆராய்ந்தால், பெரும்பாலும் கோடை முழுவதும் ஆணியின் மேல் மடிந்து கிடந்த இடமாகவே இருக்கும்.

குழாய்கள் கெடுவதற்குக் காரணங்கள்

முதலாவது, ஆணி. குழாயின் பாரம் முழுவதும் ஓர் அங்குலத்திற்கும் குறைந்த இடத்தில் தாங்கப்படுவதால் அவ்விடம் நசுங்கி மடிகிறது. மடிந்த ரப்பரின் வெளிப்புறம் இழுபட்ட நிலையில் இருக்கும். அந்நிலையில் அதைக் காற்றிலுள்ள ஓசோன் என்னும் வாயு எளிதில் வெடிக்கச் செய்கிறது. வெல்டிங் செய்யுமிடத்திலும், தீப்பொறி பறக்கும் கை மோட்டார்களின் அருகிலும் இவ்வாயு அதிகம் உண்டாகிறது. ஆகவே பட்டறைக்குள் அவற்றின் அருகே ரப்பர்க் குழாயை வைத்தல் கூடாது.

இரண்டாவது, வெயிலும் சூடும். சூரிய ஒளி ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் நாளடைவில் நொறுங்கச் செய்யும். தகரக் கூரையின் அடியில் ஒட்டி வைத்த பி.வி.சி. குழாய் சூட்டினால் இளகி, வைத்த உருவத்திலேயே நசுங்கி நின்றுவிடும்.

மூன்றாவது, எண்ணெய். டீசலும் மண்ணெண்ணெயும் என்ஜின் எண்ணெயும் பட்டால் சாதாரண ரப்பர் உப்பி மிருதுவாகிவிடும். என்ஜின் நிற்கும் தரையிலேயே குழாயைப் போடுவது இக்காரணத்தால் தவறு.

நான்காவது, எலி. அதன் முன்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால் அது எதையேனும் கொறித்துக்கொண்டே இருக்க வேண்டும். மூலையில் குவிந்த குழாய் அதற்குக் கூடும் ஆகிறது, கொறிக்கும் பொருளும் ஆகிறது.

வைப்பதற்கு முன்

எந்தக் குழாயையும் நல்ல ஜலத்தால் கழுவி, உள்ளிருக்கும் ஜலத்தை வடித்து, நிழலில் உலர்த்திய பின்னரே கொட்டகைக்குள் கொண்டு செல்ல வேண்டும். ஒருவர் குழாயின் ஒரு முனையைத் தோளில் தாங்கி, அதன் கீழாகவே மறுமுனை வரையில் நடந்து செல்வாராயின், ஜலமும் சேறும் தாமே வெளியேறிவிடும். சக்ஷன் குழாயின் ஒரு முனையை அடைத்து, ஜலம் நிரப்பி, இரு முனைகளையும் உயர்த்திப் பிடித்துச் சிறிது நேரம் பார்த்தால் கசியும் இடம் தெரியவரும். அவ்விடத்தில் சுண்ணாம்பால் அடையாளம் இட்டு, ஓய்வு மாதங்களிலேயே பழுது பார்த்துவிடலாம். ஃபுட் வால்வைக் கழற்றித் தனியே துடைத்து, அதன் தோல் அல்லது ரப்பர் வாஷரையும் பரிசோதித்தல் நன்று.

சக்ஷன் குழாய்க்குக் கவட்டைப் பரண்

கம்பிச் சுருள் பதித்த சக்ஷன் குழாயைச் சுருட்டாமல் நீளவாக்கில் கிடத்துவதே உத்தமம். இதற்குக் கடைச் சரக்கு ஒன்றும் தேவையில்லை. வேலியிலும் தோப்பிலும் கிடைக்கும் கவட்டைக் கம்புகளை, தரைக்கு மேல் நான்கு அடி நிற்கும்படி, மூன்று அடிக்கு ஒன்றாகக் கொட்டகையின் நிழலான சுவரோரம் நட வேண்டும். சுவருக்கும் கம்புக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி இருக்கட்டும். கவட்டைகளின் மேல் இரண்டு மூங்கில்களை அருகருகே வைத்துக் கட்டினால், அவற்றின் நடுவில் ஏற்படும் பள்ளத்தில் குழாய் உருளாமல் அமர்ந்திருக்கும். மூங்கிலின் கணுக்களைச் செதுக்கி வழவழப்பாக்கிவிட வேண்டும். மண்ணுக்குள் இருக்கும் கம்பின் அடியைத் தீயில் வாட்டிக் கரியாக்கி, தார் பூசி நட்டால் கறையான் எளிதில் அணுகாது.

காலி எண்ணெய்த் தகரத்தை வெட்டிக் குடை போல் கவிழ்த்து ஒவ்வொரு கம்பிலும் மூன்று அடி உயரத்தில் பொருத்தினால் எலி ஏறாது. தானியக் குதிர்களின் கால்களுக்குச் செய்யும் காவலும் இதுவே. பரணில் வேறு சாமான்களைச் சாய்த்து வைத்தால் அவையே எலிக்கு ஏணியாகிவிடும் என்பதையும் மறத்தலாகாது.

இடம் குறுகியதாயின், குழாயை மூன்று அடிக்குக் குறையாத குறுக்களவுள்ள வளையமாகச் சுற்றிப் பலகையின் மேல் படுக்கையாக வைக்கலாம். அதன் மேல் மூட்டைகளை அடுக்குதல் கூடாது.

தட்டைக் குழாய்க்கு மூங்கில் உருளை

ஜலம் இல்லாதபோது தட்டையாகிவிடும் டெலிவரி குழாயைப் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டலாம். வெறுமனே சுருட்டினால் நடுவிலுள்ள முதல் மடிப்பு கூர்மையாகி அங்கே துணி இழை அறும். நான்கு அங்குல கனமுள்ள மூங்கில் துண்டையோ, எஞ்சிய பி.வி.சி. பைப்புத் துண்டையோ நடுவில் வைத்து அதன் மேல் சுருட்டினால் இத்தீங்கு இல்லை. துண்டின் துவாரத்தின் வழியே கயிற்றைச் செலுத்தி, கூரையின் குறுக்குக் கட்டையிலிருந்து, தகரத்திற்கு இரண்டு அடி கீழே தொங்கவிடலாம். குழாயைக் கட்டுவதற்குச் சணல் கயிறு வேண்டாம். பழைய சைக்கிள் டியூபை அகலமான பட்டைகளாக அறுத்துக் கட்டினால் குழாயின் மேல் தழும்பு விழாது.

தெளிப்பான் குழாய்க்கு வாளியும் சைக்கிள் சக்கரமும்

அரை அங்குல, முக்கால் அங்குலக் குழாய்களுக்குப் பெயின்ட் வாளியே போதும். இருபது லிட்டர் வாளியின் அடியைச் சுவர்ப்பக்கம் வைத்து, உட்புறம் ஒரு பலகைத் துண்டைக் கொடுத்து, இரண்டு அல்லது மூன்று திருகாணிகளால் சுவரில் இறுக்கிவிட வேண்டும். குழாயை வாளியின் வெளிப்புறம் சுற்றி வைக்கலாம். வாளியின் வாய் அடியைவிடச் சற்று அகன்றிருப்பதால் சுற்று நழுவாது. வாளிக்குள் நாசில், வாஷர், கிளிப்பு முதலிய சில்லறைச் சாமான்களைப் போட்டு வைக்கும் சௌகரியமும் கிடைக்கிறது.

நீளமான குழாய்க்குப் பழைய சைக்கிள் சக்கரங்கள் இரண்டைக் கொண்டு உருளை செய்துகொள்ளலாம். சக்கரங்களை ஓர் அடி இடைவெளியில் ஒரே இரும்புக் கம்பியில் கோத்து, நடுவிலிருந்து எட்டு அங்குல தூரத்தில் ஆறு மூங்கில் சட்டங்களை இரு சக்கரங்களின் ஆரக்கம்பிகளோடும் சேர்த்துக் கட்ட வேண்டும். குழாய் சட்டங்களின் மேல் சுற்றப்படும். சக்கரத்தின் விளிம்பு இருபுறமும் வேலி போல் நிற்கும். கம்பியின் இரு முனைகளையும் இரண்டு கவட்டைக் கம்புகளின் மேல் வைத்தால் ஒரு சிறுவனே உருட்டிச் சுற்றிவிடலாம்.

கையினால் சுற்றுவோர், ஒரு சுற்றை வழக்கம் போலவும் அடுத்த சுற்றைக் கையைத் திருப்பி எதிர்ப்புறமாகவும் மாற்றி மாற்றி வைத்தால், குழாயில் முறுக்கு ஏறாது, விரிக்கும்போதும் சிக்காது.

பூச்சி மருந்தோ, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோக் கலவையோ சென்ற குழாயை மூன்று முறை நல்ல ஜலம் விட்டுக் கழுவ வேண்டும். கழுவிய ஜலத்தை மருந்து தெளித்த வயலிலேயே விட வேண்டும். குளத்திலும் வாய்க்காலிலும் விடலாகாது. எவ்வளவு கழுவினாலும் குழாயின் உட்புறத்தில் மருந்து ஊறியிருக்கக் கூடுமாதலால், அதனால் குடிதண்ணீரோ மாட்டுத் தொட்டி ஜலமோ பிடித்தல் கூடாது. இரு முனைகளிலும் சிவப்புத் துணி சுற்றி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில், மற்றக் குழாய்களோடு சேராமல் வைத்தல் அவசியம்.

சொட்டுநீர்க் குழாய்கள்

கறுப்பு நிறமான சொட்டுநீர்க் குழாய்களில் கரித்தூள் கலந்திருப்பதால் அவை வெயிலை ஓரளவு தாங்கும், எலியைத் தாங்கா. அடுத்த பயிர் வரையில் எடுத்து வைப்பதாயின், முனைகளைத் திறந்து ஜலத்தை வேகமாக ஓடவிட்டு வண்டலைப் போக்கிய பின், தரையில் இரண்டடிச் சதுரமாக நான்கு முளைகளை அடித்து அவற்றைச் சுற்றிச் சுருட்டி, மூன்று இடங்களில் டியூபுப் பட்டையால் கட்ட வேண்டும். திறந்த முனைகளில் குளவி மண்கூடு கட்டிவிடும். அடுத்த பருவத்தில் அம்மண் சொட்டுவாய்களை அடைத்துக்கொள்ளும். எனவே உலர்ந்த குழாயின் முனைகளைத் துணிச்சுருளால் மூடி வைக்க வேண்டும்.

கிராம அதிகாரிகளின் கவனத்திற்கு

வடகிழக்குப் பருவ மழையில் தெருக்களிலும் வயல்களிலும் தேங்கும் ஜலத்தை இறைப்பதற்கென்று ஊராட்சிகளிலும் பம்புகளும் குழாய்களும் இருக்கின்றன. பொதுச் சொத்துக்குச் சொந்தக்காரர் இல்லாமையால் அவை தனியார் குழாய்களினும் சீக்கிரம் கெடுகின்றன. ஐப்பசியில் வெள்ளம் வந்த பின் குழாயைத் தேடி எடுத்து, எலி கடித்திருக்கக் காண்பது வருந்தத்தக்கது. மேற்கூறிய பரணை ஊராட்சிக் கொட்டகையில் அமைத்து, ஒரு பலகையில் குழாயின் வகை, நீளம், கடைசியாகப் பரிசோதித்த தேதி ஆகியவற்றை எழுதித் தொங்கவிட்டு, ஆனி மாதத்திலும் புரட்டாசி மாதத்திலும் ஜலம் விட்டுப் பார்த்தல் தகும். பிளீச்சிங் பவுடர் மூட்டைகளை அதே அறையில் வைத்தால் அதன் ஆவியினால் குழாயின் கிளிப்புகளும் இணைப்புகளும் துருவேறும்.

மற்றொரு விஷயம்: குழாய் சுற்றி வைப்பதற்குப் பழைய லாரி டயரை உபயோகிப்போர் சிலர். டயருக்குள் மழை ஜலம் தேங்கினால் டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு அதில் முட்டையிடும். அம்முட்டை சுமார் பத்து நாட்களுக்குள் கொசுவாகிப் பறந்துவிடும். ஆகையால் டயரைக் கூரைக்குள்ளேயே வைப்பதோடு, அடியில் துளைகளும் இட வேண்டும்.

முடிவுரை

இங்கே கூறியவற்றிற்கு வேண்டிய மூங்கில், கவட்டை, காலித் தகரம், பெயின்ட் வாளி, சைக்கிள் சக்கரம் ஆகியவை பெரும்பாலான வீடுகளில் கிடப்பவை. விலைக்கு வாங்க வேண்டியவை சில ஆணிகளும் திருகாணிகளுமே. ஓர் ஆளின் ஒரு நாள் வேலையில் கொட்டகை ஒழுங்காகிவிடும். உழுகிற நாளில் ஊருக்குப் போனால் அறுக்கிற நாளில் ஆள் தேவையில்லை என்பது பழமொழி. அது போலவே, தை மாதத்தில் குழாயை ஆணியில் மாட்டியவருக்கு ஆடி மாதத்தில் வாய்க்கால் நிறைய ஜலம் ஓடியும் பயனில்லை. இவ்வறுவடை முடிந்தவுடன் ஒவ்வொருவரும் தம் கொட்டகைக்குள் சென்று முதலில் அந்த ஆணியைப் பிடுங்கி எறிவாராயின், வருகிற பாசனத்தில் முதல் நாளே பம்பு ஜலம் கக்கும்.