மருத்துவப் பதிவேடு – 9: பின்கோடு மறைத்த ஈயம்

மருத்துவமனைக் கணினிக்கென்றே மம்ப்ஸ் என்ற நிரல்மொழி 1960களில் பாஸ்டனில் பிறந்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் இண்டியானாபொலிஸ் டாக்டர்களுக்குக் கணினி நினைவூட்டிய கதை வந்திருக்க வேண்டும். ஆனால் ஃப்ளின்ட் நகரத்துக் குழந்தைகளின் ரத்தப் பரிசோதனை பற்றிய ஆய்வுக் கட்டுரையை மறுபடி எடுத்தேன். பதிவேட்டில் யாரும் பெரிதாக மதிக்காத ஒரு கட்டம் என்னைப் பிடித்துக்கொண்டது: நோயாளியின் முகவரி.

மிச்சிகன் மாநிலத்து ஃப்ளின்ட், ஜெனரல் மோட்டார்ஸ் பிறந்த ஊர். ஆலைகள் மூடி, வருமானம் வற்றி, நகர நிர்வாகம் மாநில அரசு நியமித்த அதிகாரியின் கைக்குப் போயிருந்தது. செலவைக் குறைக்க, டெட்ராய்ட்டிலிருந்து வந்துகொண்டிருந்த ஹ்யூரான் ஏரித் தண்ணீரை 2014 ஏப்ரலில் நிறுத்திவிட்டு, ஃப்ளின்ட் ஆற்றுத் தண்ணீரைக் குழாயில் விட்டார்கள். குழாயின் உட்புறம் அரிக்காமல் காக்கும் பாஸ்பேட்டைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து இறங்கியது. எஞ்சின் பாகங்கள் துருப்பிடிக்கின்றன என்று அந்த அக்டோபரிலேயே ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை வேறு தண்ணீருக்கு மாறிக்கொண்டது. இயந்திரங்களுக்குக் கிடைத்த அந்த மாற்று, குழந்தைகளுக்குக் கிடைக்க மேலும் ஓராண்டு ஆனது. இதை எழுதும்போதே வயிறு எரிகிறது.

ஈயம் வெளியே தெரியாமல் வேலை செய்யும் நஞ்சு. காய்ச்சல் வராது, தடிப்பு வராது. வளரும் மூளையைப் பாதிக்கும். ரத்தத்தை எடுத்துப் பார்த்தால்தான் பிடிபடும். அதுவும் சுமார் ஒரு மாதத்தில் ரத்தத்திலுள்ள அளவு பாதியாகிவிடும். அமெரிக்காவில் ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் காப்பீட்டில் உள்ள குழந்தைகளுக்கு ஒரு வயதிலும் இரண்டு வயதிலும் இந்தப் பரிசோதனை கட்டாயம். ஆகவே எண்கள் எங்கோ இருந்தன. அவற்றை யாராவது அடுக்கிப் பார்க்க வேண்டியிருந்தது.

அடுக்கிப் பார்த்தவர் மோனா ஹன்னா-அட்டிஷா, ஃப்ளின்ட்டின் ஹர்லி மருத்துவமனையில் குழந்தை மருத்துவர். 2015 ஆகஸ்ட் கடைசியில் அவர் வீட்டு விருந்துக்கு வந்த பள்ளித் தோழி எலின் பெட்டான்ஸோ, குடிநீர்ப் பொறியாளர். தண்ணீரில் அரிப்புத் தடுப்பே இல்லை என்று அவர்தான் எடுத்துச் சொன்னார். அன்றிலிருந்து டாக்டருக்குத் தூக்கம் போயிற்று. சுகாதாரத் துறையிடம் ஈயப் பரிசோதனை விவரங்களைக் கேட்டார், கைக்கு வரவில்லை. ஆனால் அந்த வட்டாரக் குழந்தைகளின் பரிசோதனைகள் பெருமளவில் நடந்தது ஹர்லியின் ஆய்வகத்தில்தான். முடிவுகள் மின்னணுப் பதிவேட்டில் வரிசையாக இருந்தன. காகிதக் கோப்பாக இருந்திருந்தால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோப்புகளை ஆள் வைத்துப் புரட்ட வேண்டியிருக்கும்.

கோடையில் குழந்தைகளின் ஈய அளவு இயல்பாகவே ஏறும். அதனால் 2013லும் 2015லும் ஒரே மாதங்களை எடுத்து ஒப்பிட்டார். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ உள்ள குழந்தைகள் ஏறத்தாழ இரண்டு மடங்காகியிருந்தார்கள். செப்டம்பர் 24 அன்று வெள்ளைக் கோட்டுடன் பத்திரிகையாளர்கள் முன் நின்று அறிவித்தார். எங்கள் எண்களில் அப்படி எதுவும் தெரியவில்லையே என்றது மாநில அரசு. எண்களை வெட்டி ஒட்டியிருக்கிறார் என்றும் பேசினார்கள்.

அரசிடம் இருந்த எண்கள் அதிகம். இருந்தும் ஏன் தெரியவில்லை? இந்த வாரம் என்னைப் பிடித்து உட்கார வைத்த இடம் இதுதான். ஊர்ப் பெயர் ஃப்ளின்ட் என்று எழுதப்படும் முகவரிகளின் பின்கோடுகள் நகர எல்லையோடு நிற்பதில்லை. சுற்றியுள்ள ஊர்களுக்குள்ளும் நீள்கின்றன. அந்தப் பின்கோடுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வீடுகள் நகரத்துக்கு வெளியே இருந்தன. அங்கே ஆற்றுத் தண்ணீர் போகவே இல்லை. அரசு பின்கோடு வாரியாகக் கூட்டியது. நல்ல தண்ணீர் குடித்த குழந்தைகளையும் சேர்த்துக் கூட்டியதில் கெட்ட தண்ணீரின் தடயம் நீர்த்துப்போனது.

ஃப்ளின்ட்டிலேயே வளர்ந்த புவியியலாளர் ரிச்சர்ட் சாட்லர் இதைக் கண்டுகொண்டார். அவர் ஒவ்வொரு குழந்தையின் முகவரியையும் வரைபடத்தில் புள்ளியாக வைத்து, நகரத்துக்கு உள்ளே, வெளியே, எந்த வார்டு என்று பிரித்தார். நகரத்துக்குள் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ உள்ள குழந்தைகளின் பங்கு 2.4 சதவீதத்திலிருந்து 4.9 ஆகியிருந்தது. தண்ணீரில் ஈயம் மிகுந்த வார்டுகளில் 4.0 சதவீதம் 10.6க்கு ஏறியிருந்தது. நகரத்துக்கு வெளியே, அதே ஆய்வகத்தில் பரிசோதிக்கப்பட்ட குழந்தைகளிடம் குறிப்பிடத்தக்க மாற்றமே இல்லை.

படித்துக்கொண்டிருக்கும்போதே, காலராவின் காரணத்தைத் தண்ணீரில் தேடிய டாக்டர் ஜான் ஸ்னோவின் 1854 லண்டன் ஞாபகம் வந்துவிட்டது. பிராட் தெரு அடிபம்புக் கதை எல்லோருக்கும் தெரியும். தேம்ஸ் நதிக்குத் தெற்கே அவர் செய்த வேலை அதைவிடப் பெரிது. அங்கே ஒரே தெருவில் இரண்டு கம்பெனிகளின் குழாய்கள் ஓடின. லாம்பெத் கம்பெனி சாக்கடை கலக்காத மேல்பகுதியிலிருந்து நீர் எடுத்தது. சவுத்வார்க் அண்ட் வாக்ஸால் கம்பெனி ஊர்ச் சாக்கடை கலந்த பகுதியிலேயே எடுத்தது. காலராவில் இறந்தவர்களின் முகவரிகளை, இறப்புகளைப் பதியும் அரசு அலுவலகத்திலிருந்த வில்லியம் ஃபார் கொடுத்தார். ஆனால் எந்தக் கம்பெனித் தண்ணீர் என்று குடியிருந்தவர்கள் பலருக்கே தெரியாது. ஸ்னோ தண்ணீர் மாதிரியில் வெள்ளி நைட்ரேட்டை விட்டுப் பார்த்தார். இரண்டாவது கம்பெனியின் நீரில் உப்பு பல மடங்கு அதிகம் என்பதால் அது வெண்மையாகக் கலங்கும். இப்படி வீடு வீடாகப் பிரித்ததில், சவுத்வார்க் அண்ட் வாக்ஸாலின் பத்தாயிரம் வீடுகளுக்கு 315 சாவு, லாம்பெத்தின் பத்தாயிரம் வீடுகளுக்கு 37 என்று கணக்கு வந்தது. தெருப் பெயரோடு நின்றிருந்தால் இது கிடைத்திருக்காது.

அதனால்தான் சொல்கிறேன்: பதிவுக் கவுண்டரில் உட்கார்ந்து கதவு எண்ணையும் தெருவையும் பிழையில்லாமல் ஏற்றும் ஊழியர் செய்வதும் மருத்துவம்தான். அவர் அவசரத்தில் ஊர்ப் பெயரோடு நிறுத்திவிட்டால், பிறகு எவ்வளவு பெரிய கணினியாலும் அந்த வீட்டைக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கேற்ற சம்பளமும் நேரமும் அவருக்குக் கிடைக்க வேண்டும்.

பதிவேட்டுக்கு எட்டாத குழந்தைகளும் உண்டு. குழாய்த் தண்ணீரில் கரைத்த பால் பவுடரைக் குடித்த கைக்குழந்தைகளுக்குத்தான் ஈயம் அதிகம் போயிருக்கும். ஆனால் கட்டாயப் பரிசோதனை ஒரு வயதில்தான். அதற்குள் அவர்கள் ரத்தத்தில் ஏறி இறங்கியதற்கு எந்தக் கட்டத்திலும் எண் இல்லை. ஆகவே ஆய்வில் வந்த சதவீதங்கள் உண்மை அளவைவிடக் குறைவாகவே இருக்கும் என்று நினைக்கிறேன்.

செய்தியாளர் சந்திப்புக்குப் பிறகு சில நாட்களிலேயே மாநில அரசு தன் எண்களை மறுபடி பார்த்து, டாக்டர் சொன்னது சரியென்று ஒப்புக்கொண்டது. அக்டோபர் 16 அன்று டெட்ராய்ட் தண்ணீர் திரும்பியது.

ஆக, இண்டியானாபொலிஸ் அடுத்த வாரம். கிளமென்ட் மெக்டொனால்ட் 1976இல் வெளியிட்ட சோதனையில், கணினி நினைவூட்டியபோது டாக்டர்கள் கவனித்துச் செயல்பட்டது 51 சதவீதம், நினைவூட்டாதபோது 22. அதே டாக்டர்கள், அதே நோயாளிக் கூட்டம். அந்த இடைவெளி எங்கிருந்து வந்தது என்று அவர் தந்த விளக்கத்தோடு தொடங்குவோம்.

(தொடரும்)