அனுதின உணவு எந்த நாளுக்கு?

ஆண்டவர் கற்பித்த செபத்தில் 'அனுதின' உணவு கேட்கிறோம். கிரேக்க மூலத்தில் அங்கே இருப்பது 'எபியூசியோஸ்'. இந்தச் செபத்துக்கு வெளியே அச்சொல்லைக் காண்பதே அரிது. பொருள் சொல்வது கடினம். இன்றைக்கானதா, உயிர்வாழ வேண்டியதா, வரும் நாளுக்கானதா? புனித எரோணிமுஸ் இலத்தீனில் லூக்காவில் 'அன்றாட' என்றும், மத்தேயுவில் 'இயல்புக்கு மேலான' என்றும் எழுதினார். எபிரேயர் நற்செய்தி என்ற பழைய நூலில் 'மாஹார்', அதாவது 'நாளைய' என்றிருந்ததையும் குறித்து வைத்தார்.

ஆங்கிலத்தில் 'டெய்லி' என்று மட்டும் படிப்பவருக்கு இந்தச் சிக்கலே தெரியாது. நாளைக்கும் சேர்த்துக் கேட்பது விசுவாசக் குறைவு என்று அதை வைத்துச் சொல்வோரும் உண்டு. நமக்கு அது சரியாகப் படவில்லை. விழுப்புரம், திண்டிவனம் பக்கம் மாலையில் கூலி வாங்கி, நாளைக்கு உலை வைக்க அரிசியோடு வீடு திரும்புவோர் எத்தனை பேர்! மழை வந்தால் மறுநாள் வேலை இல்லை. நாளைய சோற்றை இன்றே தாரும் என்று அவர்கள் கேட்க அந்தக் கிரேக்கச் சொல் இடங்கொடுக்கிறது.