ஐந்தாம் தலைமுறைத் துப்பாக்கி: எது மேம்பாடு, எது வெறும் மாற்றம்?

1980-ல் ஆஸ்திரிய ராணுவம் தன் பழைய வால்தர் பி38 கைத்துப்பாக்கிக்கு மாற்று தேடியது. கேட்டது சாதாரணப் பொருளல்ல. உதிரிபாகங்கள் 58-ஐத் தாண்டக் கூடாது. 2 மீட்டர் உயரத்திலிருந்து எஃகுத் தகட்டின் மீது விழுந்தாலும் வெடிக்கக் கூடாது. முதல் 10,000 தோட்டாக்களைச் சுடும்போது 20 முறைக்கு மேல் தடைபடக் கூடாது.

இந்தப் போட்டியில் இறங்கியவர் காஸ்டன் கிளாக். வியன்னாவை ஒட்டிய டாய்ச்-வாக்ரம் ஊரில் திரைச்சீலைக் கம்பி, கத்தி போன்றவற்றைச் செய்துவந்தவர். அதுவரை ஒரு துப்பாக்கியும் வடிவமைத்ததில்லை. 1982-ல் ராணுவம் அவருடைய பிஸ்டலையே தேர்ந்தெடுத்தது. அவரது 17-வது காப்புரிமை என்பதால் அதன் பெயர் ‘கிளாக் 17’.

அதன் கைப்பிடிச் சட்டகம் நைலான் வகைப் பாலிமரால் ஆனது. பாலிமர் சட்டகத்துக்கு இது முதல் முயற்சி அல்ல. ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோக் நிறுவனம் 1970-லேயே விபி70 என்ற பிஸ்டலில் அதைச் செய்துவிட்டது. நைலானின் அடர்த்தி எஃகின் அடர்த்தியில் ஏழில் ஒரு பங்குதான். துருப்பிடிக்காது; அதிர்ச்சியில் சற்று வளைந்து பழைய வடிவத்துக்கே திரும்பும். ஆனால் குழலும், மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடும் எஃகுதான். ஸ்லைடு ஓடுவதற்கான தண்டவாளத் துண்டுகளும் எஃகில் செய்யப்பட்டு நைலானுக்குள் பதிக்கப்பட்டவை. ‘பிளாஸ்டிக் துப்பாக்கி எக்ஸ்ரேயில் தெரியாது’ என்று அந்நாளில் பரவிய பேச்சில் உண்மை இல்லை.

2017-ல் கிளாக் 17-இன் ஐந்தாம் தலைமுறை வந்தது. 20-க்கும் மேற்பட்ட மாற்றங்கள் என்றது நிறுவனம். எண்ணிக்கை பெரிதுதான். ஆனால் ஒவ்வொரு மாற்றத்தையும் தனியே எடுத்து, ‘இது எந்தக் குறையைத் தீர்த்தது, தீர்த்ததற்கு என்ன அத்தாட்சி?’ என்று கேட்டால்தான் மதிப்பீடு தொடங்கும்.

முதலில் கைப்பிடி. மூன்றாம் தலைமுறையில் விரல்கள் பதிய ஏதுவாகப் பள்ளங்கள் வைத்தார்கள். அன்று அது மேம்பாடு. ஐந்தாம் தலைமுறையில் அதே பள்ளங்களை நீக்கினார்கள். இதுவும் மேம்பாடு என்றே விற்கப்பட்டது. விரல்களின் அகலம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், நிலையான பள்ளம் சிலருக்கு மட்டுமே பொருந்தும். இது புதிய கண்டுபிடிப்பு அல்ல, பழைய முடிவைத் திருத்திக்கொண்டதுதான்.

அடுத்து, ஸ்லைடை நிறுத்தும் நெம்புகோல் இப்போது இரு பக்கமும் இருக்கிறது. சுமார் பத்தில் ஒருவர் இடக்கைப் பழக்கம் உள்ளவர் என்பதால் இதன் பயனை நிறுவ ஆய்வுக்கூடம் தேவையில்லை. மேற்பரப்பில் வைரம் போன்ற கார்பன் பூச்சு வந்திருக்கிறது. அது கடினமானது, உராய்வும் குறைவு. ஆனால் முன்பிருந்த நைட்ரஜன் ஏற்றிய எஃகும் தேய்மானத்தையும் துருவையும் நன்றாகவே தாங்கியது. ஆகவே பயன் இருந்தாலும் சிறியது.

முந்தைய தலைமுறையிலிருந்தே தொடரும் சர்ச்சை, சுடும்போது கையில் உணரும் பின்னுதைப்பு பற்றியது. நான்காம் தலைமுறையில், 2010-ல், ஒற்றைச் சுருள்வில்லுக்குப் பதிலாக இரட்டைச் சுருள்வில் வந்தது. அது ‘உதைப்பைக் குறைக்கும்’ என்ற பேச்சை இயற்பியல் கொண்டு பார்ப்போம். 8 கிராம் குண்டு விநாடிக்கு 360 மீட்டர் வேகத்தில் வெளியேறினால் அதன் உந்தம் சுமார் 2.9 கிலோகிராம் மீட்டர்/விநாடி. அதே அளவு உந்தம் எதிர்த்திசையில் துப்பாக்கிக்கும் கிடைக்கும். தோட்டா நிரப்பிய பிஸ்டல் சுமார் 0.9 கிலோ, எனவே அது விநாடிக்கு 3 மீட்டருக்குச் சற்று மேலான வேகத்தில் பின்னோக்கி நகர முயலும். வெடித்த வாயுவின் பங்கு இதற்கும் மேல். எந்தச் சுருள்வில்லாலும் இந்த உந்தத்தைக் குறைக்க முடியாது. கைக்கு வந்துசேரும் நேரத்தை நீட்டிக்க மட்டுமே முடியும். கையில் உணரும் அடி மென்மையாகலாம், மொத்தம் மாறாது. 2011-ல் நிறுவனமே இந்தச் சுருள்வில் தொகுதியை வாடிக்கையாளர்களுக்கு மாற்றித் தரும் திட்டத்தை அறிவிக்க வேண்டி வந்தது. புதிய பாகம் புதிய பிரச்சினையையும் கொண்டுவரலாம்.

குழலிலும் மாற்றம் உண்டு. பழைய குழலின் உட்புறம் மழுங்கிய விளிம்புகள் கொண்ட அறுகோணம். புதியதில் வழக்கமான வெட்டுவரிகளுக்கு நெருக்கமான வடிவம். துல்லியம் கூடியது என்பது நிறுவனத்தின் கூற்று. இதைக் கையில் பிடித்துச் சுட்டுச் சோதித்தால் தெரிவது சுடுபவரின் கைநடுக்கமே தவிர, குழலின் தரம் அல்ல. அசையாத தாங்கியில் பூட்டி, ஒரே தொகுதித் தோட்டாவைக் கொண்டு, பல துப்பாக்கிகளில் சுட வேண்டும். ஐந்து குண்டுகளின் சிதறலை மட்டும் வைத்து முடிவுகட்டுவதும் தவறு. அதிகம் சுடச் சுடச் சிதறலின் அகலமும் கூடும். சில குண்டுகளின் நெருக்கம் தற்செயலாகவும் அமையலாம்.

நம்பகத்தன்மையை அளப்பது இன்னும் கடினம். ஒருவர் 500 தோட்டா சுட்டார், ஒரு தடைகூட இல்லை என்றால், தடையே வராது என்று பொருளா? புள்ளியியலில் ‘மூன்றின் விதி’ ஒன்று உண்டு. n முறையில் ஒரு தோல்வியும் இல்லையென்றால், உண்மையான தோல்வி விகிதம் 3/n-க்கு மேல் இருக்க வாய்ப்பில்லை என்று 95 சதவீத உறுதியுடன் சொல்லலாம். அதாவது 500 சுடல்களுக்கு, தோல்வி 167-க்கு ஒன்று வரை இருக்க முடியும். ‘1,000-ல் ஒன்றுக்கும் குறைவு’ என்று காட்ட, ஒரு தடையும் இன்றி 3,000 தோட்டாக்கள் சுட வேண்டும். ஓரிரு பெட்டித் தோட்டாவில் எழுதப்படும் விமர்சனங்கள் இதை நிரூபிக்காது.

எத்தனை முறை சோதித்தாலும், தவறான சோதனையைச் செய்தால் பயனில்லை. 2017 ஜனவரியில் அமெரிக்க ராணுவம் தேர்வுசெய்தது, சிக் சாவர் நிறுவனத்தின் பி320-ஐ அடிப்படையாகக் கொண்ட பிஸ்டல். அந்த பி320-இன் பொதுச்சந்தைப் பதிப்பு, வழக்கமான விழுதல் சோதனைகளில் தேறியிருந்தும், குறிப்பிட்ட கோணத்தில் பின்பக்கம் அடிபட விழுந்தால் வெடிக்கக்கூடும் என்று அதே ஆண்டில் தெரியவந்தது. தரையில் மோதிய துப்பாக்கி சட்டென நிற்கிறது. கனமான ட்ரிக்கர் நிலைமத்தால் நகர்ந்துகொண்டே இருக்கிறது. விரலால் அழுத்தியது போன்ற விளைவு. நிறுவனம் ட்ரிக்கரின் எடையைக் குறைத்து, உள் பாகங்களையும் திருத்தி, மேம்பாட்டுத் திட்டம் அறிவித்தது. ஒரு பாகத்தில் சில கிராம் குறைத்தது, கண்ணைக் கவரும் எந்தப் பூச்சையும்விட மதிப்புள்ள மாற்றம்.

இந்த அளவுகோலில் ஐந்தாம் தலைமுறை கிளாக்கைப் பார்த்தால், இடக்கையருக்கான நெம்புகோல் உண்மையான முன்னேற்றம். பூச்சு சிறு ஆதாயம். குழலின் துல்லியம் இன்னும் நிறுவனத்தின் கூற்று மட்டுமே. பள்ளமில்லாத கைப்பிடி பயனுள்ளதுதான், ஆனால் பழைய முடிவின் திருத்தம். பல பாகங்கள் நான்காம் தலைமுறையில் பொருந்தாது என்பதால், ஏற்கெனவே நல்ல நிலையில் இருக்கும் துப்பாக்கிகளை ஒரு காவல்துறை மொத்தமாக மாற்ற இந்தப் பட்டியல் மட்டும் போதிய காரணம் அல்ல. புதிய பதிப்பை வாங்கும் எந்த அரசுத் துறையும் முதலில் கேட்க வேண்டியது, எத்தனை மாற்றங்கள் என்பதல்ல. எந்தக் குறை, எந்தச் சோதனையில், எத்தனை முறை சோதித்து நீங்கியது என்பதே.